சத்தம் அவர் பக்கம்

என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டும்போது சத்தம் வேண்டும். பாட்டோ, செய்தியோ, உர விளம்பரமோ, ஏதாவது ஒன்று காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் சொக்கிவிடும் என்பார். எனக்கு நேர் எதிர். வண்டியில் உட்கார்ந்தாலே தூக்கம் வரும். சத்தம் இருந்தால் தூங்க முடியாது. இப்படிப்பட்ட இரண்டு பேரும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே முன்சீட்டில் உட்கார்ந்து கொல்லிமலை ஏறி இறங்கினோம்.

எங்கள் ஊர் மலையடிவாரத்தில். அவர் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிற சின்ன வியாபாரி. வாரத்தில் ஒரு நாள் சோளக்காட்டுச் சந்தை. சீசனில் அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று உள்ளே இருக்கிற ஊர்களுக்கும் போக வேண்டியிருக்கும். தொண்ணூற்றேழு வாக்கில் ஒரு பழைய வேன் வாங்கினோம். வாங்கிய கொஞ்ச நாளிலேயே, துணைக்குப் போய்க்கொண்டிருந்த ஆள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். இவர் தோட்டத்துக்குள் நடந்துபோய்ச் சரக்கைப் பார்த்து வரும்வரை வேனிலிருக்கிற மூட்டைகளுக்குக் காவல் வேண்டும். இறங்கும்போது இவர் தூங்காமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். "வேற ஆள் கெடைக்கற வரைக்கும் நீ வாம்மா" என்றார். வேறு ஆள் கிடைக்கவே இல்லை. பிள்ளைகள் இரண்டையும் மாமியாரிடம் விட்டுவிட்டு நான் போக ஆரம்பித்தேன்.

வேனோடு ஒரு டேப் செட்டும் வந்தது. பழைய சொந்தக்காரர் மாட்டியது. பொத்தான்களில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. சமதரையில் ஓட்டும்போது அவரே ஒரு கையால் அதை முடுக்கிக்கொள்வார். மலையில் அது முடியாது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில். வளைவுக்கு வளைவு ஹாரன் வேறு அடிக்க வேண்டும். அதனால் செட்டு என் பொறுப்பாகிவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. அமுக்கிப் பார்த்து, தப்பாகி, மறுபடி அமுக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கேசட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் தானாகவே மறுபக்கம் பாடுகிற வசதி அதில் இருந்தது. நல்ல வசதிதான். ஆனால் ரோட்டில் பெரிய குழி வந்தாலும் அது பக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். பாதிப் பாட்டில் திரும்பி, மறுபக்கத்தில் வேறொரு பாதியிலிருந்து பாடும். சில நாள் டேப்பை உள்ளே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். நான் மடியில் வைத்து மெதுவாக உருவி, சுண்டுவிரலை ஓட்டையில் விட்டுச் சுற்றிக்கொண்டு வருவேன். அப்போது பாட்டு இருக்காது. அவர் கண் சொக்காமல் இருக்க நான் பேச வேண்டும். என்ன பேசுவது? வீட்டில் அரிசி தீர்ந்துபோனதைச் சொல்வேன். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கணக்கைச் சொல்வேன். அதுவும் தீர்ந்துவிட்டால் ரோட்டோரத்தில் இருக்கிற வளைவு நம்பர்ப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டு வருவேன்.

கேசட்டு வேலை செய்யாத நாளில் ரேடியோ. மலையில் ரேடியோ ஒரு தினுசாக வரும். சமவெளியைப் பார்த்திருக்கிற வளைவில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி தெளிவாக வரும். வண்டி திரும்பிப் பாறைப் பக்கம் போனதும் வெறும் இரைச்சல். அடுத்த வளைவில் மறுபடி வரும். செய்தி வாசிக்கிறவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார், நடுவில் இருப்பது பாறைக்குப் போய்விடும். எத்தனையோ செய்திகளை நாங்கள் தலையும் வாலுமாகத்தான் கேட்டிருக்கிறோம். மீதியை அவர் சொந்தமாகச் சேர்த்துச் சந்தையில் போய்ச் சொல்வார்.

அந்த வருஷங்களில் எனக்கு எப்போதும் அலுப்பு. விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தால் அப்புறம் படுக்க முடியாது. சோறாக்கி, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்து, மாமியாருக்கு எடுத்து வைத்து, எங்களுக்கு ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு வேனில் ஏறும்போதே உடம்பு அசந்துபோயிருக்கும். காரவள்ளி தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் தலை ஒரு பக்கமாகச் சாயும். என் காலுக்குப் பக்கத்தில் கதவில் இருந்த ஸ்பீக்கர் காதில் அலறும்.

ஒருநாள் சத்தத்தைக் குறைக்கலாம் என்று கை நீட்டியபோது, வால்யூம் குமிழுக்குப் பின்னால் ஒரு மெல்லிய வளையம் இருப்பது தட்டுப்பட்டது. அதைத் திருப்பினேன். என் பக்கத்து ஸ்பீக்கர் அடங்கியது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. வேனுக்குள் அப்படியே எழுந்து அவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினால் என்னிடம் வந்தது, அந்தப் பக்கம் திருப்பினால் அவரிடம் போனது.

கொஞ்ச தூரம் போனபிறகு அவர் கேட்டார். "ஏம்மா, உன் பக்கம் ஸ்பீக்கர் போயிருச்சா?"

"போகலீங்க. சத்தத்த உங்க பக்கம் தள்ளி வெச்சிருக்கேன்."

"அப்படிக்கூடத் தள்ளலாமா?"

"தள்ளலாமாட்ட இருக்குது."

"சரி, தூங்கு."

தூங்கினேன். அன்றைக்குச் சோளக்காடு வரை எதுவும் தெரியவில்லை. ஏறும்போது தூங்குவது, இறங்கும்போது விழித்திருந்து பேச்சுக் கொடுப்பது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒத்துவந்த ஏற்பாடுகள் கொஞ்சம்தான். இது அதில் ஒன்று.

அந்த வேன் ஓய்ந்துபோனபிறகு இரண்டாவது வேன் வாங்கினோம். அதில் சி.டி. செட்டு இருந்தது. அதன் முகப்பை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். முகப்பு இல்லாத செட்டு யாருக்கும் பிரயோஜனப்படாது என்பதால் திருட மாட்டார்களாம். வேனை விட்டு இறங்கும்போதெல்லாம் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். சி.டி. மலைக்கு ஆகாது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு வரியை விட்டுத் தாண்டும். அவர் வாயோடு பாடிக்கொண்டு வருகிறவர். அவர் ஒரு இடத்தில் இருக்க, பாட்டு வேறு இடத்துக்குப் போய்விடும். எரிச்சல் பட்டுப் பட்டுக் கடைசியில் அதற்கும் பழகிக்கொண்டார்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில்தான் திரை வைத்த செட்டு வந்தது. அவருடைய அண்ணன் சேலத்தில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த கடையில் சொல்லி மாட்ட ஏற்பாடு செய்தார். காலையில் விட்ட வேனைச் சாயங்காலம்தான் கொடுத்தார்கள். கடைக்காரர் வேகமாக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனார். விரலால் தொட்டால் போதும், பொத்தான் இல்லை. பென்டிரைவ் சொருகினால் நூற்றுக்கணக்கில் பாட்டு. ரிவர்ஸ் கியர் போட்டால் வேனுக்குப் பின்னால் இருப்பது திரையில் தெரியும். படம் பார்க்கலாம், ஆனால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால்தான் படம் ஓடும், ஓட்டிக்கொண்டே பார்க்கக் கூடாது என்பதற்காக. வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஒன்றும் ஏறவில்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.

கூடவே ஒரு ஆங்கிலப் புத்தகம் கொடுத்தார்கள். நான் பிளஸ் டூ வரை படித்தவள். சந்தையில் அவர் சரக்குப் பார்க்கப் போனதும், வேனில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகத் தொட்டுப் பார்த்தேன். எனக்குப் புரிந்த வரையில் அந்தச் செட்டில் பெரிய விஷயம் போன்தான். போனையும் செட்டையும் ஒரு தடவை அறிமுகம் செய்து வைக்க வேண்டும். செட்டு ஒரு எண்ணைக் காட்டும், போனில் அந்த எண்ணைப் போட வேண்டும். அப்புறம் எப்போது வேனில் ஏறினாலும் இரண்டும் தானாகவே ஒன்றை ஒன்று கண்டுபிடித்துக்கொள்ளும். போன் வந்தால் பாட்டு தானாக நிற்கும். பேசுகிறவர் குரல் ஸ்பீக்கரில் வரும். நாம் சும்மா பேசினால் போதும், மேலே ஒட்டியிருக்கிற சின்ன மைக் வாங்கிக்கொள்ளும். யாரும் எதையும் தொடாவிட்டாலும் நாலைந்து மணி அடித்ததும் அதுவே எடுத்துவிடும்படி கடைக்காரர் வைத்திருந்தார். மலையில் கையை எடுக்க முடியாத அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. திரையின் மூலையில் போனும் அம்புக்குறியுமாக ஒரு சின்னப் படம் இருந்தது. அதைத் தொட்டால் குரல் ஸ்பீக்கரை விட்டுக் கைப் போனுக்குப் போய்விடும் என்று புத்தகத்தில் இருந்தது. வேனில் மற்றவர்கள் இருக்கும்போது தனியாகப் பேசுவதற்காம். எங்களுக்கு அதற்குத் தேவை வந்ததில்லை.

மலையில் முக்கால்வாசி இடத்தில் சிக்னல் இருக்காது. சமவெளி தெரிகிற ஒன்றிரண்டு வளைவுகளில்தான் வரும். அந்த வளைவுக்கு வந்ததும் போனில் அதுவரை தேங்கியிருந்ததெல்லாம் ஒன்றாக வந்து விழும்.

அந்த வருஷம் என் அலுப்பு வேறு மாதிரி ஆகியிருந்தது. முன்பெல்லாம் தூங்கி எழுந்தால் கொஞ்சம் தெளியும். இப்போது எழுந்திருக்கும்போதே அசதி. நாற்பதை நெருங்குகிறோம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அரியூர் நாட்டில் எங்களுக்கு வழக்கமாக மிளகு கொடுக்கிற ஒரு அக்கா இருந்தார். சந்தையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஏனுங் பாயம்மா, கழுத்துல என்னுங்க அது? மேடாட்டம் தெரியுதே."

தலையில் போட்டிருந்த முந்தானை காற்றில் விலகியிருந்தது. தடவிப் பார்த்தேன். குரல்வளைக்குக் கீழே, ஒரு பக்கமாக, நெல்லிக்காய் அளவுக்கு இருந்தது. வலி இல்லை.

"தண்ணி முழுங்குங்க பாக்கலாம்" என்றார். முழுங்கினேன். "கூடவே ஏறி எறங்குதுங்க. ஆசுபத்திரிக்குப் போயிட்டு வாங்க பாயம்மா. சும்மா உட்டுராதீங்க."

நாமக்கல்லில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார். அங்கே கழுத்தில் மெல்லிய ஊசியைப் போட்டுச் சோதனைக்குக் கொஞ்சம் திசு எடுத்தார்கள். ரிப்போர்ட் வர நாளாகும் என்றார்கள். அண்ணனே வாங்கி வைப்பதாகச் சொன்னார். நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம்.

அது சந்தை நாள். ஏறிக்கொண்டிருந்தோம். வழக்கம்போலச் சத்தத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டிருந்தேன். புதுச் செட்டில் அதற்கு வளையம் கிடையாது. திரையில் காரின் படம் ஒன்று வரும், அதில் ஒரு புள்ளியை விரலால் இழுத்து வலது பக்கம் விட வேண்டும். கண்ணை மூடியிருந்தேன். தூக்கம் வரவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. சமவெளி தெரிகிற ஒரு வளைவில் பாட்டு நின்றது. போன் மணி அடித்தது. அரைக்கண்ணால் பார்த்தேன். அவருக்கு எதிரில் லாரி. கையை எடுக்க முடியவில்லை. செட்டே எடுத்துவிட்டது.

"தம்பி, எங்க இருக்கற?" அண்ணன் குரல், அவர் பக்கத்து ஸ்பீக்கரில்.

"மலையேறிட்டு இருக்கேண்ணே."

"ரிப்போர்ட்டு வாங்கிட்டேன்ப்பா. டாக்டரையும் பாத்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கேன்சர்தான்ங்கறாரு. தைராய்டுல. ஆரம்பந்தான்னு சொல்றாரு, ஆப்பரேசன் பண்ணிட்டா..."

"அண்ணே, ஒரு நிமிசம்..."

"அந்தப் புள்ளகிட்ட இப்பச் சொல்லிக்காத. சும்மா கட்டின்னு சொல்லி அட்மிட் பண்ணிக்கலாம். பயந்துக்கும்."

லாரி போய்விட்டது. அவர் வேனை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். எந்த இடத்தைத் தொடுவது என்று தெரியாமல் திரையைத் தட்டினார். சத்தம் கூடியது. மறுபடி தட்டினார், காரின் படம் வந்தது. புள்ளி நகர்ந்துவிட்டது போல. அண்ணன் குரல் என் பக்கத்து ஸ்பீக்கருக்கும் வந்துவிட்டது. நாள் தள்ளக் கூடாது, அடுத்த வாரமே, ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

நான் கண்ணை முழுசாகத் திறந்தேன். கையை நீட்டி, மூலையிலிருந்த அந்தச் சின்னப் படத்தைத் தொட்டேன். ஸ்பீக்கர் அடங்கியது. அவர் சட்டைப் பையிலிருந்த போனுக்குள் அண்ணன் குரல் போய், பூச்சி கத்துகிற மாதிரி லேசாகக் கேட்டது.

"கீழ எறங்கிப் பேசிட்டு வாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். தடுப்புச் சுவரோரமாக எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிள்ளைகள் பெரியவர்களானபிறகு கேட்டார்கள். என்னைப் பற்றித்தானே பேச்சு, முழுசும் கேட்டிருக்கலாமே என்றார்கள். பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை. கேட்ட வரைக்கும் எனக்குப் போதுமாக இருந்தது. அதற்குமேல் எதையும் வாங்கி வைத்துக்கொள்ள உடம்பில் தெம்பில்லை. கொஞ்ச நேரத்துக்கு அதை வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் வண்டியை எடுக்கவில்லை.

"கேட்டுருச்சா?"

"கேட்டுச்சுங்க."

"ஆரம்பந்தானாம்."

"அதுவும் கேட்டுச்சு."

"திரும்பிரலாமா? சந்தைக்கு இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

நான் யோசித்தேன். வீட்டுக்குப் போனால் மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவார்கள். "மேலேயே போலாம். வரச் சொன்னவங்க காத்துட்டு இருப்பாங்க" என்றேன்.

மீதி வளைவுகளைப் பாட்டில்லாமல் ஏறினோம். அவர் தூங்கிவிடுவார் என்ற பயம் அன்றைக்கு இல்லை. சந்தையில் அவர் சரக்கை வாங்கினார். நான் வேனில் உட்கார்ந்திருந்தேன். அந்த மிளகுக்கார அக்கா வந்து கேட்டபோது கேன்சர் என்ற வார்த்தையை முதல்முறையாக என் வாயால் சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி விடுங்க சாமி" என்று மட்டும் சொன்னார். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் மூட்டையை யாரோ விலை கேட்டபோதும் எழுந்து போகவில்லை.

ஆப்பரேஷன் சேலத்தில் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் கண் விழித்துப் பேசியபோது குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. குரலுக்குப் போகிற நரம்பு அசந்திருக்கிறது, மெதுவாக வந்துவிடும், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வரும்போது வேனில் பின்சீட்டில் தலையணை வைத்துப் படுக்கவைத்தார்கள். வீட்டுக்காரர் முன்னால் தனியாக ஓட்டினார். பென்டிரைவிலிருந்து எனக்குத் தலைவலி கொடுக்கிற பாட்டாக வந்தது. நிறுத்தச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், இஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. சீட்டின் முதுகில் தட்டினேன். திரும்பிப் பார்த்துவிட்டு, வேனை நிறுத்தி, எங்கெங்கோ தொட்டார். பாட்டு மாறியது, ரேடியோ வந்தது, பின்னாலிருக்கிற ரோடு தெரிந்தது. கடைசியில் சாவியைத் திருப்பி இஞ்சினையே அணைத்தார். அங்கேயே ரோட்டோரத்தில் நின்று, டேஷ்போர்டிலிருந்து அந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்சீட்டுக்கு வந்தார். படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டார். நான் விரலால் காட்டினேன். நிறுத்துவது, குறைப்பது, சத்தத்தைத் தள்ளுவது என்று வேண்டிய அளவுக்கு அன்றைக்குக் கற்றுக்கொண்டார். பின்பக்கத்தில் ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் முன்னால் கொண்டுவருவதை அவராகவே கண்டுபிடித்தார். நான் தூங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

அப்புறம் அயோடின் மருந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் சில வாரம், ஆப்பரேஷனுக்குப் பிறகு கொடுத்திருந்த தைராய்டு மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும். அதுவரை அலுப்பு என்று நான் நினைத்திருந்ததெல்லாம் அலுப்பே இல்லை என்று அந்த வாரங்களில் தெரிந்தது. எழுந்து வாசலுக்கு வந்தால் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோகும். சோற்றை மெல்லவே சோம்பலாக இருக்கும். சாப்பாட்டில் அயோடின் சேரக் கூடாது என்று உப்பு மாற்றி, பால் நிறுத்தி, மீன் நிறுத்தி மாமியார் ஆக்கிப் போட்டதில் ருசி இருந்ததா என்றுகூட நினைவில்லை. முகம் ஊதி, தோல் வறண்டு, பகலில் போர்வை போர்த்திப் படுத்திருந்தேன். சின்னவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது சொல்வான். நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் எழுந்து விளையாடப் போய்விடுவான்.

கோயம்புத்தூரில் அந்த மருந்தைக் கொடுத்துத் தனி அறையில் வைத்தார்கள். உடம்பிலிருந்து கதிர் வெளியே வருமாம், அது குறைகிறவரை யாரும் பக்கத்தில் வரக் கூடாது. சாப்பாட்டைக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். போன் கொண்டுபோக விட்டார்கள், பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுற்றித்தான்.

அவர் ஊருக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் வேனிலேயே இருந்தார். அங்கிருந்து போன் செய்தார். என் குரல் அப்போதும் காற்றாகத்தான் இருந்தது. கைப் போனில் எத்தனை அழுத்திக் காதில் வைத்தாலும் நான் சொல்வது அவருக்குப் பிடிபடவில்லை. கட் செய்துவிட்டு மறுபடி போன் செய்தார்.

"இப்பப் பேசு. செட்டுல போட்டிருக்கேன். கண்ணாடியெல்லாம் ஏத்திட்டேன், சத்தத்த முழுசா வெச்சிருக்கேன்."

"சாப்டீங்களா" என்றேன்.

"கேக்குது. நல்லாக் கேக்குது. சாப்ட்டேன். நீ?"

"வெச்சுட்டுப் போனாங்க. எறங்கல."

"ரெண்டு வாயாவது தின்னு."

அந்த வேனுக்குள் என் காற்றுக்குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னதை வைத்துத்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து காதோரமாகப் பேசுகிற மாதிரி நாலாப்பக்கமும் கேட்டதாம். மூச்சு விடுவதுகூடக் கேட்டதாம். அந்த நாட்களில் காலையும் சாயங்காலமும் அப்படித்தான் பேசினோம். பேச்சு என்று சொல்வதற்கும் இல்லை. நான் இரண்டு வார்த்தை சொல்வேன், களைத்துவிடும். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். அவரும் கட் செய்ய மாட்டார். ஒருமுறை அப்படியே தூங்கிப் போனேன். விழித்துப் பார்த்தபோது போன் அப்படியே இருந்தது. "தூங்குனியே, கொறட்டகூட வந்துச்சு" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகும் கொஞ்ச நாள் பிள்ளைகளைத் தள்ளியே வைக்கச் சொன்னார்கள். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். தினமும் வெறும் வயிற்றில் போட வேண்டும், ஆயுசுக்கும். அளவு கூடினால் படபடப்பு, குறைந்தால் அசதி. சரியான அளவைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது. குரல் மெல்ல மெல்ல வந்தது. முழுசாக வரவில்லை. பேச முடிகிறது, தெருமுனையில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிட முடிவதில்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும் நன்றாக இருக்கிறது என்கிறார். அல்லாஹ் காப்பாற்றினான். ஆனாலும் ரிப்போர்ட் வாங்கப் போகிற நாளில் எனக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்தே சோறு இறங்குவதில்லை.

மலைக்கு மறுபடி போனேன். முன்போல வாராவாரம் இல்லை, முடிகிறபோது. அந்த அக்கா என் கழுத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங் பாயம்மா, கொரலு பூனையாட்டம் ஆயிப்போச்சே" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு பலாப்பழத்தை வேனில் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

பிற்பாடு அவருக்கு முதுகுவலி வந்து, மலை ஓட்டுவது முடியாமல் போய், வேனை விற்றோம். வாங்க வந்தவர் ஆலத்தூர் நாட்டுக்காரர், இளவயது. வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்து, "இந்தச் செட்டு எப்படிங்க பாய்? என்னென்ன செய்யும்?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. பாட்டு எப்படி வைப்பது, போன் எப்படிச் சேர்ப்பது, தானாக எடுப்பதை ஏன் நிறுத்திவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். சிலதைத் தப்பாகச் சொன்னார். ரேடியோ ஸ்டேஷனைப் பதிந்து வைக்கிற விதத்தைத் தலைகீழாகச் சொன்னார். எழுந்து போய்த் திருத்தலாம் என்று நினைத்தேன். அப்போது மறுபடி மாத்திரை அளவை மாற்றியிருந்த நேரம், கால் கனத்தது. வாங்கப் போகிறவர் தானே அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வார். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.